பொட்டு இல்லாத படம்

இரண்டு படங்களையும் ஒரு வாரம் ஓடவிட்டார்கள். ஒன்றில் வள்ளித்தாயின் நெற்றியில் மெரூன் கலர் ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. இன்னொன்றில் இல்லை. மற்றபடி அதே சேலை, அதே வெளிச்சம், பின்னால் அதே தேங்காய் மட்டைக் குவியல். ஆன்லைன் கடையின் பக்கத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் படத்தையும் மீதிப் பேர் இரண்டாவதையும் பார்க்கும்படி கோமதிசங்கர் அமைத்திருந்தான். எதைப் பார்த்தவர்கள் அதிகம் வாங்குகிறார்களோ அது நிற்கும். தோற்றது அழியும். எண்ணெய் பாட்டிலின் மூடி பச்சையா பழுப்பா என்பதைக்கூட அப்படித்தான் முடிவு செய்திருந்தார்கள்.

பொட்டு இல்லாத படம் ஜெயித்தது. மயிரிழையில் அல்ல, நன்றாகவே ஜெயித்தது.

“நான் சொன்னேன்ல சங்கர்?” என்றாள் சண்முகப்பிரியா. தோற்ற படத்தை அவன் அழித்தான்.

சண்முகப்பிரியா தென்காசியில் பழைய நிலக்காரர் வீட்டுப் பெண். சென்னையில் எம்.பி.ஏ. படித்து, அங்கேயே சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஊருக்கு வந்து ‘சாரல்வீடு’ என்று ஆன்லைன் கடை போட்டாள். குற்றாலத்து மூலிகை எண்ணெய், மலைத்தேன், ஜாதிக்காய் ஊறுகாய், சோப். கடைக்குத் தெருவில் கதவு கிடையாது. வடகரையில் அவள் அப்பாவின் தென்னந்தோப்புக்குள் தேங்காய் போட்டுவைத்த தகர ஷெட்டில் பொருள்களைக் கட்டினார்கள். தென்காசி சன்னதித் தெரு மாடியில் ஓர் அறைதான் ஆபீஸ். அங்கே கோமதிசங்கர் உட்கார்ந்திருப்பான். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவன். படம் எடுப்பது, வீடியோ வெட்டுவது, பக்கத்தைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவன்தான்.

விற்றதில் ஒரு பங்கைத் தர்மம் செய்வது அவளுடைய யோசனை. ஜனங்கள் எண்ணெயைக் கூடையில் போடுகிறார்கள், கடைசியில் கூரியர் கட்டணத்தைப் பார்த்ததும் போய்விடுகிறார்கள். அந்த இடத்தில் ஒரு முகத்தை வைப்போம் என்றாள். ‘நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு பங்கு, வள்ளித்தாயைப் போன்ற பெண்களுக்கு.’ ஒரு முகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரும் பக்கத்தை மூட மாட்டார்கள் என்றாள். அப்படியே நடந்தது. வள்ளித்தாயைப் போன்ற பெண்களில் இதுவரை வள்ளித்தாய் மட்டும்தான் இருந்தாள். அவள் மகளின் பள்ளிக்கூடச் செலவைக் கடை ஏற்றுக்கொண்டது.

வள்ளித்தாய் ஷெட்டில் லேபிள் ஒட்டுகிறவள். ஐந்தருவி சாலைப் பக்கம் வீடு. புருஷன் மெயினருவியில் வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் வேலை செய்தவன். இலஞ்சி வளைவில் பஸ்ஸில் அடிபட்டுச் செத்தான். பதினாறாம் நாள் வரை எல்லாரும் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அப்புறம் அவளே ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். தெருவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

படம் எடுத்த அன்று சண்முகப்பிரியாதான் தன் நகத்தால் அந்தப் பொட்டை உரித்து, தன் போனின் முதுகில் ஒட்டிவைத்தாள். “ரெண்டு நிமிஷம்தான் வள்ளி. அப்புறம் வச்சுக்கலாம்.”

வள்ளித்தாய் வைத்துக்கொள்ளத்தான் செய்தாள். ஆனால் அன்றைக்கே எடுத்த வீடியோ தெருக்காரர்களின் போனுக்கும் வந்தது. “போன்ல ஒரு நெத்தி, தெருவுல ஒரு நெத்தி. துட்டு எந்த நெத்திக்கு வருது?” என்று குழாயடியில் ஒருத்தி கேட்டாள். மறுநாள் முதல் வள்ளித்தாய் பொட்டு வைக்கவில்லை. புருஷன் செத்து இரண்டு வருஷம் கழித்து, எண்ணெய் விற்பதற்காக அவள் விதவை ஆனாள்.

இதெல்லாம் கோமதிசங்கருக்குத் தெரியும். தெரிந்து ஒன்றும் ஆகவில்லை. அவன் மனைவி ஜோதிலட்சுமி கார்த்திகையில் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு எது தெரிந்தாலும் அவனுக்கு ஒன்றும் ஆவதில்லை. அவன் உடம்பிலிருந்து யாரும் எதையும் கழற்றவில்லை. கல்யாண மோதிரம்கூட விரலிலேயே கிடந்தது. ஆடி கழியட்டும், மறுபடி பெண் பார்க்கலாம் என்று அம்மா பிச்சம்மாள் மட்டும் காத்திருந்தாள்.

ஆடி பாதியில் ஒரு மத்தியானம் அவன் ஷெட்டுக்குப் போனபோது கூரியர் வேன் நின்றது. விஜய்பாண்டி பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். வடகரைக்காரன். கேலி பேசாமல் ஒரு பெட்டி தூக்க மாட்டான்.

“அண்ணாச்சி, இந்தத் தைலத்துக்கு முடி வளரும்னு போட்டிருக்கிய. டெய்லி தூக்குதேன். எனக்கு முன்மண்ட ஏறிக்கிட்டே போகுதே.”

“தூக்குனா வளராது. தேய்க்கணும்,” என்றாள் வள்ளித்தாய், லேபிளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“யாரு தேச்சு விடுவா?”

“ஒங்க அம்மையக் கேளும்.”

“கேட்டாச்சு. சரின்னுட்டாவ.”

அவள் லேபிளைக் கோணலாக ஒட்டினாள். உரித்து மறுபடி ஒட்டினாள். வேன் போனதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கோமதிசங்கரிடம் வந்தாள்.

“அண்ணே, ஒரு விஷயம். அவரு என்னயக் கேக்காரு.”

“யாரு, பாண்டியா?”

“ஆமா. ஆவணி மொத முகூர்த்தத்துல பூ வைக்க வாராவ. பண்பொழி மலைக்கோயில்ல வச்சுத் தாலி. பிள்ளையையும் அவரே பாத்துக்கிடுதேன்னுட்டாரு.”

“நல்லதுதானே.”

“அவுக அம்மைக்கு மொதல்ல மனசில்ல. இப்ப வாரேன்னுட்டாவ. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாவ. அந்தப் படம் போன்ல இருக்கக் கூடாதாம். என் மவனுக்குப் பொண்டாட்டியா வாரவ ஊருக்கெல்லாம் தாலியறுத்தவளா நிக்கலாமான்னு கேக்காவ. நியாயந்தானண்ணே?”

“நியாயந்தான்.”

“ஒங்களுக்கு ஒரு பட்டன்தான, அமுக்குனா போயிரும்னு அவரு சொன்னாரு.”

“போயிரும்.”

“எடுத்துருவியளா?”

“எடுத்துருதேன்.”

டீ வேண்டுமா என்று கேட்டால் சொல்வதைப் போலச் சொன்னான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. போகும்போது வாசலில் கிடந்த காலி அட்டைப்பெட்டியைக் காலால் எத்திவிட்டுப் போனாள், சின்னப் பெண்ணைப் போல.

அவன் அன்றைக்கு எடுக்கவில்லை. சாரல் நன்றாக விழுந்த வருஷம் அது. குற்றாலத்துக்கு வந்துபோன ஆள்களெல்லாம் ஊருக்குப் போய் போனில் ‘குற்றாலம்’ என்று தேடி, கடைப் பக்கத்துக்கு வந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் ஒரு காலையில் படத்தையும் வீடியோவையும் மறைத்துப் பார்த்தான். டீ குடித்துவிட்டு வருவதற்குள் சண்முகப்பிரியா கூப்பிட்டாள். ஆர்டர் ஏன் படுத்துவிட்டது என்று கேட்டாள். அவன் காரணத்தைச் சொன்னான்.

“வள்ளிக்குக் கல்யாணமா? எப்ப?”

சொன்னான்.

“முதல்ல அதைப் பழையபடி வைங்க. வச்சுட்டு இருங்க, நான் மாடிக்கு வர்றேன்.”

வந்தபோது அவள் முகம் மலர்ந்திருந்தது. கோபமே இல்லை. ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு பேசினாள்.

“சங்கர், ஒரே சோகத்தை ஜனங்க எவ்வளவு நாள் பாப்பாங்க? நானே அடுத்து என்னன்னு யோசிச்சிட்டிருந்தேன். ஓணம் வேற வருது, கேரளா ஆர்டர் இருக்கு. இப்ப பாருங்க, கதைக்கு முடிவு தானா வந்திருக்கு. நல்ல முடிவு.”

“படத்தை எடுக்கணும்னு கேக்கா.”

“எடுத்திரலாம். கல்யாண வீடியோ போட்ட உடனே எடுத்திரலாம். அந்த இடத்துல அவ பூவும் பொட்டுமா இருப்பா. நீங்க வாங்கின ஒவ்வொரு பாட்டிலும் அவ நெத்திக்குக் குங்குமமாச்சுன்னு போடுவோம். யாராவது அழாம இருப்பாங்களா?”

“அவகிட்ட சொல்லணும்.”

“சர்ப்ரைஸா இருக்கட்டும். பட்டுச்சேலை எடுத்துட்டு நாமளே பூ வைக்கிற அன்னைக்குப் போயிருவோம். ஸ்டாண்டி பேனர் ஒண்ணு அடிச்சிருங்க, ஆள் உயரத்துக்கு. பொட்டு வச்ச படம் இருக்குமே, அதப் போடுங்க.”

பொட்டு வைத்த படம் இல்லை. தோற்ற அன்றே அழித்தாயிற்று. ஆபீஸிலிருந்து ஷெட்டுக்கு பைக்கில் போய் இன்னொரு படம் எடுத்து வரலாம். அதற்கும் அலுப்பாக இருந்தால், இருக்கிற படத்தில் நெற்றி நடுவில் ஒரு சிவப்பு வட்டம் வைத்தால் போதும். அரை நிமிஷ வேலை. அவனுக்கு இரண்டுமே தோன்றின. பேனர் கடைக்கு அனுப்ப வேண்டிய கடைசி நாள், படத்தைத் திரையில் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மவுஸ் கைக்குள்ளேயே இருந்தது.

அம்மா கூப்பிட்டாள்.

“ஏலே சங்கரு, சுரண்டைக்காரவ ஜாதகம் கொடுத்து விட்டிருக்காவ. பிள்ள பி.எட். முடிச்சிருக்கு. மொதத் தாரமாப் போறதுக்கே எடம் வந்துச்சாம், நம்மள நம்பித் தாராவ.”

“ம்.”

“என்னலே ம்முங்க? வயசுப் பய எத்தன நாளைக்கு ஒத்தையில கெடப்ப? ஊரு ஒலகம் சும்மா இருக்குமா?”

“சரிம்மா.”

“சரின்னா பாக்கவா?”

“பாருங்க.”

போனை வைத்தான். அனுப்பு என்பதை அமுக்கினான். பொட்டு இல்லாத படம் பேனர் கடைக்குப் போயிற்று. போய்விட்டதைப் பார்த்தான். திரும்பக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்ல நேரம் இருந்தது. ஜோதிலட்சுமி இருந்திருந்தால் அவன் என்ன செய்திருப்பான் என்று யோசிக்கக்கூட அவனுக்கு ஆர்வம் வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனான்.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று விடியும்போதே தூறல். வள்ளித்தாய் வீட்டு வாசலில் தார்ப்பாய் கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். உள்ளே கூடத்தில் பாய் விரித்து, மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த தாம்பாளங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். மல்லிகைப் பந்து, மஞ்சள், குங்குமம், வாழைப்பழம், மஞ்சள் கரை போட்ட சேலை. விஜய்பாண்டி அன்றைக்கு வேட்டி கட்டியிருந்தான். அவன் அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பேசாத மனுஷி. வள்ளித்தாயின் அம்மா பாலம்மாள் அவள் கேட்காமலே இரண்டு தடவை காப்பி கொடுத்துவிட்டாள்.

கார் வந்து நின்றதும் பாலம்மாளுக்குக் கை கால் ஓடவில்லை. “பண்ணை வீட்டம்மா நம்ம வீட்டுக்கு வந்திருக்காவளே” என்று நாற்காலியைத் துடைத்தாள். சண்முகப்பிரியா பட்டுச்சேலைத் தட்டோடு சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். பின்னால் கோமதிசங்கர் கேமராவும் பேனர் பையும் தூக்கிக்கொண்டு வந்தான். வள்ளித்தாய் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். தலை பின்னியாயிற்று. நெற்றி இன்னும் காலியாகத்தான் இருந்தது. மாமியார்தான் முதல் குங்குமம் வைக்க வேண்டும். அவனைப் பார்த்து அவள் கண்ணால் கேட்டாள். எடுத்துவிட்டீர்களா என்று. அவன் கேமராவைத் தாங்கியில் மாட்டினான்.

“சங்கர், ஸ்டாண்டிய அங்க வச்சிருங்க, தட்டுக்குப் பின்னால. ஃப்ரேம்ல வரணும்,” என்றாள் சண்முகப்பிரியா.

அந்த மாதிரி பேனர் ஒரு தகரப் பெட்டிக்குள் பாயைப் போலச் சுருண்டிருக்கும். மேல் விளிம்பைப் பிடித்து இழுத்தால் ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்கும். அவன் குங்குமத் தட்டுக்குப் பின்னால் வைத்து இழுத்தான். முதலில் நெற்றி வந்தது. அப்புறம் கண், வாய், கழுத்து. தாலி இல்லாத கழுத்து. கடைசியில் ‘சாரல்வீடு’ என்ற எழுத்து.

விஜய்பாண்டியின் அம்மா குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு எழுந்திருந்தாள். அப்படியே நின்றாள்.

“இது யாரு வச்சது?”

சண்முகப்பிரியாவும் அப்போதுதான் படத்தைப் பார்த்தாள். ஒரு கணம் கோமதிசங்கரைப் பார்த்தாள். உடனே சிரிப்பைத் திரும்ப வரவழைத்துக்கொண்டாள்.

“நாங்கதாம்மா. எங்க கஸ்டமர்ஸ் எல்லாரும் சேந்து நடத்தி வைக்கிற கல்யாணம் இது.”

“எங்க வீட்டுக் கல்யாணத்த நாங்களே நடத்திக்கிடுவோம் தாயி.”

“இல்லம்மா, பழைய வாழ்க்கை, புது வாழ்க்கைன்னு ரெண்டையும்...”

“மூளி நெத்திய ஆளு ஒசரத்துக்கு நிப்பாட்டி வச்சு, அதுக்கு முன்ன என்னயக் குங்குமம் வைக்கச் சொல்லுதிய. நல்லாருக்கு.”

அவள் குரலை உயர்த்தவே இல்லை. சிமிழை மூடி, தாம்பாளத்தில் வைத்தாள். விஜய்பாண்டி இரண்டே எட்டில் வந்து பேனரைப் பிடித்தான்.

“எம்மா, படம்தானம்மா. மடக்கி வச்சிருவோம்.”

“இத மடக்கிருவ. ஊரு பூராம் போன்ல நிக்காளே, அத எப்படிலே மடக்குவ? எடுத்துட்டோம்னு சொல்லித்தான என்னயக் கூட்டியாந்த?”

விஜய்பாண்டி வள்ளித்தாயைப் பார்த்தான். அவள் கோமதிசங்கரைப் பார்த்தாள்.

“எடுத்தாச்சா அண்ணாச்சி?” என்றான் விஜய்பாண்டி.

“இல்ல.”

“ஏன்?”

கோமதிசங்கர் கேமராவின் பக்கம் திரும்பிக்கொண்டான். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அதைக்கூடச் சொல்லவில்லை.

“படிச்ச ஆளுதான நீரு?” என்றான் விஜய்பாண்டி. அவ்வளவுதான் சொன்னான். அடிப்பான் என்று பாலம்மாள் பயந்தாள். அவன் அடிக்கவில்லை.

“தாம்பாளத்த எடுலே,” என்றாள் அவன் அம்மா.

பாலம்மாள் காலில் விழப் போனாள். அந்த அம்மா விலகிக்கொண்டாள். விஜய்பாண்டி பேனரைக் கைவிட்டான். பிறகு குனிந்து தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான். தினமும் பெட்டி அடுக்குகிற கை. பூத்தட்டு மேலே, சேலைத்தட்டு கீழே, எதுவும் சரியாமல் அடுக்கி, அம்மாவுக்குப் பின்னால் தூறலில் இறங்கிப் போனான். வள்ளித்தாய் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கார் மேலகரம் தாண்டியது. சண்முகப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உண்மையாகவே அழுதிருந்தாள்.

“பொட்டு வச்ச படம்னு சொன்னேனே சங்கர்.”

“அழிச்சாச்சு. அது தோத்த படம்.”

அவள் தலையாட்டினாள். வழக்கம் அவள் போட்டதுதான். தென்காசிப் பெரிய கோபுரம் தெரிய ஆரம்பித்தபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

“ரெக்கார்ட் ஆச்சா?”

“ஆச்சு.”

“முழுசா?”

“முழுசா.”

“இத சும்மா விடக் கூடாது. இந்தக் காலத்துலயும் ஒரு பொண்ணுக்கு இப்படி நடக்குதுன்னா நாலு பேருக்குத் தெரியணும்ல?”

அன்று சாயங்காலமே அவன் வெட்டி ஒட்டினான். மாமியாரின் முகத்தை மங்கலாக்கினான். பேனர் தெரிகிற பக்கத்தை முழுக்கக் கத்தரித்தான். மிச்சமிருந்தது ஒரு கூடம், தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போகிற ஒரு வேட்டி, நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு பெண். ‘ஒரு பொட்டுக்குக்கூட இவளுக்கு உரிமை இல்லையா?’ என்று எழுத்து ஓடவிட்டான். அந்த வரியும் அவன் எழுதியதுதான். நன்றாக வந்திருக்கிறது என்று சண்முகப்பிரியா சொன்னாள்.

பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வாங்கினார்கள். எண்ணெய் தேய்க்கும் பழக்கமே இல்லாதவர்களும் வாங்கினார்கள். ‘எனக்குப் பாட்டில் அனுப்ப வேண்டாம், அந்தச் சகோதரிக்குக் கொடுங்கள்’ என்று சிலர் எழுதினார்கள். அந்தக் கிழவியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று நிறையப் பேர் எழுதினார்கள். முகத்தை மங்கலாக்கினால் என்ன, வடகரையில் யாருக்கும் அடையாளம் தெரியாமல் போகவில்லை. விஜய்பாண்டி அந்தப் பக்கத்து வேனை விட்டுவிட்டு ராஜபாளையம் பக்கம் மாற்றிக்கொண்டு போனான். புதிதாக வந்த டிரைவர் பேசுவதே இல்லை.

சுரண்டைக்காரர்களும் வீடியோவைப் பார்த்திருந்தார்கள். அம்மா போனில் சொன்னாள்.

“பொண்ணுக்க அப்பா சொன்னாராம்லே, தாலியறுத்த பிள்ளைக்காவ இப்படிப் பாடுபடுத பையன், நம்ம பிள்ளைய நல்லா வச்சுக்கிடுவான்னு. ஐப்பசியில வச்சுக்கிடுவோம்ங்காவ.”

“சரி.”

“கையில கெடக்க மோதிரத்தக் கழத்திருய்யா. புது மோதிரம் அவுக போடுவாவ.”

கழற்றினான். விரலில் வெளிறிய வளையம் ஒன்று தெரிந்தது. கொஞ்ச நாளில் அதுவும் மற்றத் தோலைப் போல ஆகிவிட்டது.

வள்ளித்தாய் ஒரு வாரம் வரவில்லை. வராமல் இருந்துவிட்டால் மகளின் பள்ளிக்கூடம் என்னவாகும் என்று சண்முகப்பிரியா ஆள் விட்டு விசாரித்தாள். மிரட்டல் இல்லை, அக்கறையாகத்தான் விசாரித்தாள். வள்ளித்தாய் வந்தாள். பழைய இடத்தில் உட்கார்ந்து லேபிள் ஒட்டினாள்.

அடுத்த வீடியோவுக்கு நாள் குறித்தார்கள். இத்தனை பேர் அன்பு காட்டியிருக்கிறார்கள், அவள் வாயால் ஒரு நன்றி சொல்ல வேண்டும். கோமதிசங்கர் ஷெட்டில் முக்காலி போட்டு அவளை உட்கார வைத்தான். அவளே முகம் கழுவிவிட்டு வந்திருந்தாள். வளையலையும் கழற்றியிருந்தாள். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“எங்க பாக்கணும்ண்ணே?”

“இங்கன. இந்தக் கேமராக் கண்ணாடிய.”

“அழணுமா?”

அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “கொஞ்சம் அழுதா நல்லாருக்கும்.”

அவள் முயற்சி செய்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். கண் காய்ந்தே கிடந்தது.

“வரலண்ணே.”

“எதையாவது நெனச்சுக்கோ.”

“எத நெனைக்க?”

“அன்னைக்கு அவன் தட்டெல்லாம் அடுக்கித் தூக்கிட்டுப் போனாம்லா. அத நெனச்சுக்கோ.”

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தாள். வந்தது. முதலில் ஒரு கண்ணில், பிறகு இரண்டிலும். நன்றி என்று சொல்லத் தொடங்கியபோது குரலும் சரியாக உடைந்தது. அவன் கேமராவைக் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினான்.

அந்த நேரம் பார்த்துத் தகரத்தின் மேல் மழை விழ ஆரம்பித்தது. சத்தத்தில் அவள் சொன்னது ஒன்றும் பதிவாகவில்லை. அவன் கையைக் காட்டி நிறுத்தினான். மழை ஓயக் காத்திருந்தார்கள். ஓய்ந்ததும், “இன்னொரு தடவ,” என்றான்.

வள்ளித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் நினைக்க ஆரம்பித்தாள்.